மரச் சில்லின் முன்பக்குவமும் காகிதக் கூழின் தரமும்

சவுக்கும் தைலமரமும் பயிரிடும் குடியானவர்களிற் பெரும்பாலோர், மரம் வெட்டப்பட்டு வண்டி ஏறியதும் தம் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது வழக்கம். விறகுக்கும் சாரக் கழிக்கும் விற்ற காலத்தில் அந்த எண்ணம் பொருந்தியிருந்தது. இப்பொழுதோ, கரூர் ஜில்லாவில் காகிதபுரத்திலும், காவிரிக் கரையில் பள்ளிபாளையத்திலும் உள்ள காகித ஆலைகளுக்கு இம்மரங்கள் கூழ் மரமாகச் செல்லுகின்றன. விறகு எரிந்தால் போதுமானது. கூழ் மரமோ நாரைக் கொடுக்கவேண்டும். அந்த நார் முழுமையாயும் உறுதியாயும் கிடைக்குமா என்பது கொதிகலத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. மரம் சாய்ந்த நாள் முதல் அது சில்லாகிக் கொதிகலத்தினுள் விழும் வரையில் அதற்குச் செய்யப்படும் பக்குவங்களே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. முன்பக்குவத்தில் விட்ட குறையைப் பின்னால் எவ்வளவு நெருப்பெரித்தும் சரிசெய்ய இயலாது.

இப்பக்குவங்களுட் சில ஆலைக்குரியவை. சில குடியானவர் கையிலேயே உள்ளவை. இரண்டையும் அறிந்தவர், ஆலைக்காரர் ஒரு மரத்தை ஏன் விரும்புகிறார், மற்றொன்றை ஏன் கழிக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு, விலை பேசும்போது தமக்கு நஷ்டம் வராமற் காத்துக்கொள்ளலாம்.

மரநாரின் இயல்பு

மரம் என்பது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய நார்க் குழல்களின் கட்டு. சவுக்கு, தைலமரம் போன்ற அகன்ற இலை இனத்து மரங்களின் நார் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமும், குளிர் நாடுகளில் வளரும் ஊசியிலை மரங்களின் நார் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளமும் உடையவை. சவுக்கின் பசுங்குச்சிகள் ஊசி போலத் தோன்றினும், அது ஊசியிலை இனத்தைச் சேர்ந்ததன்று என்பது இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது.

ஒவ்வொரு நாரின் சுவரிலும் செல்லுலோஸ் என்னும் பொருளே பிரதானமானது. உலர்ந்த மரத்தில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை இப்பொருள் உண்டு. இதனுடன் ஹெமிசெல்லுலோஸ் என்னும் சர்க்கரை இனப் பொருளும், நாரையும் நாரையும் ஒட்டிவைக்கும் லிக்னின் என்னும் பிசின் போன்ற பொருளும் கலந்திருக்கின்றன. வீட்டுச் சுவரில் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து பிணைத்திருப்பதுபோல, நார்களை லிக்னின் பிணைத்திருக்கிறது. அந்தச் சாந்தை நீக்கியோ இளக்கியோ, செங்கல் உடையாமற் பிரித்தெடுப்பதே கூழ் செய்யும் தொழில்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சில்லுகளைக் காரநீரில் வேகவைத்து லிக்னினைக் கரைத்துவிடுவது. 1884-ஆம் வருஷம் ஜெர்மானிய இரசாயனியாகிய கார்ல் டால் என்பவர் உரிமைப் பத்திரம் பெற்ற கிராப்ட் முறை இவ்வகையைச் சேர்ந்தது. எரிசோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில், சுமார் 170 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் சில்லுகள் வேகும். உலர்ந்த மரம் நூறு பங்கிற்கு 45 முதல் 50 பங்கு வரை கூழ் கிடைக்கும். மற்றொன்று, சில்லுகளை இரும்புத் தட்டுகளுக்கிடையே அரைத்து நாரைப் பிரிப்பது. இதில் 90 பங்கிற்கு மேலும் கூழ் கிடைக்கும். ஆனால் லிக்னின் உடன் தங்குவதால் காகிதம் நாளடைவில் மஞ்சளிக்கும், வலுவும் குறையும். எந்த வழியாயினும் முன்பக்குவம் இன்றியமையாதது.

தோப்பிலேயே தொடங்கும் பக்குவம்

முதற் பக்குவம் பட்டை உரித்தல். பட்டையில் நல்ல நார் மிகக் குறைவு. அது கொதிகலத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு, காரத்தை வீணே உறிஞ்சி, காகிதத்திற் கரும்புள்ளிகளைத் தோற்றுவிக்கும். பட்டை இடுக்கில் ஒட்டிய மணலோ, சில்லு வெட்டும் கத்தியின் முனையை மழுக்கிவிடும். மழுங்கிய கத்தி மரத்தை வெட்டுவதில்லை; நசுக்குகிறது. நசுங்கிய சில்லின் நார் காரநீரிற் படும்போது மற்றவற்றைக் காட்டிலும் விரைவில் அறுந்து வலுவிழக்கும்.

தைலமரத்தின் பட்டை, வெட்டிய அன்றே உரித்தால் கையோடு நீளமாய்ப் பிரிந்து வரும். சில நாட்கள் வெயிலிற் கிடந்து காய்ந்துவிட்டால் மரத்தோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு மடங்கு கூலி கேட்கும். உரித்த பட்டையையும் தழையையும் தோப்பிலேயே பரப்பிவிடுவது சிலாக்கியம். பட்டையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதை நிலத்திற்கே திருப்புவதால், மறுதாம்பு துளிர்க்கும் அடிக்கட்டைகளுக்கு உரமாகும். பட்டையோடு மரத்தை ஏற்றி அனுப்புபவர், தம் நிலத்தின் சத்தையும் வண்டிக் கூலி கொடுத்து அனுப்புகிறார்.

இரண்டாவது பக்குவம், மரத்தைப் பசுமையாகவே சேர்ப்பித்தல். புதிதாய் வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி நீராக இருக்கும். அந்த நீர் கூழுக்குப் பகையன்று, துணை. நீர் நிறைந்த நார்க் குழலுள் காரம் எளிதிற் பரவிச் செல்லும். காய்ந்த மரத்தின் குழல்களில் நீர் இருந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளுகிறது. அக்காற்று காரநீரை உள்ளே விடாமற் தடுக்கும். மேலும் காய்ந்த மரம் கத்தியில் நொறுங்கித் தூளையும் சிம்புகளையும் மிகுதியாகத் தரும்.

எடையின் கணக்கும் இங்கே கவனிக்கத்தக்கது. பாதி நீருள்ள பச்சை மரம் 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் உலர்ந்த மரம் 500 கிலோ. வெயிலிற் கிடந்து நீரின் அளவு நூற்றுக்கு 20 ஆகக் குறையும்போது மொத்த எடை 625 கிலோவாகிவிடும். நாரில் ஒரு கிலோவும் குறையவில்லை. ஆயினும் எடைமேடையில் 375 கிலோ மறைந்துவிட்டது. ஒரே விலை விகிதத்தில் எடைபோட்டு வாங்கினால் அந்த நஷ்டம் முழுவதும் குடியானவரையே சாரும். ஆகையால், ஒப்பந்தம் செய்யுமுன் விலை பச்சை எடைக்கா, உலர்ந்த எடைக்கா, பட்டை நீக்கியதற்கா, நீக்காததற்கா என்பதைத் தெளிவாய்க் கேட்டு, எழுத்திற் பெற்றுக்கொள்ளவேண்டும். வண்டி கிடைக்கும் நாளை நிச்சயித்துக்கொண்ட பின்னரே கோடரியை எடுப்பது உத்தமம்.

சில்லின் தடிப்பு

ஆலையில் மரம் முதலில் சில்லாக வெட்டப்படுகிறது. சாதாரணமாய் ஒரு சில்லு 20 முதல் 25 மில்லிமீட்டர் நீளமிருக்கும். நீளத்தைக் காட்டிலும் தடிப்பே கார முறையில் முக்கியமானது. காரநீர் மரச்சுவரை ஊறவைத்து எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய ஒரே வேகத்திற் பரவும் தன்மையுடையது. ஆகவே சில்லின் மிகக் குறுகிய அளவாகிய தடிப்பு வழியாகவே அதன் நடுவை முதலில் அடைகிறது.

தடிப்பு 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால், காரம் நடுவை எட்டுவதற்கு முன்னரே மேற்புறத்துப் பொருள்களோடு சேர்ந்து தீர்ந்துவிடும். வெளிப்புறம் குழைந்து நடுப்புறம் வேகாத கட்டியாய் நிற்கும். அக்கட்டியை வேகவைக்க மேலும் காரமும் நேரமும் செலுத்தினால், முன்னரே வெந்த நாரின் செல்லுலோஸ் சிதைந்து காகிதம் எளிதிற் கிழியும். தடிப்பு 2 மில்லிமீட்டருக்குக் கீழாயின், சில்லு விரைவில் வெந்து கரைந்து கூழின் அளவைக் குறைக்கும்; தூள் மிகுந்தால் காரநீர் ஓடும் வழியும் அடைபடும். ஒரே அடுப்பிற் பெரிய கிழங்கையும் அரிந்த கீரையையும் சேர்த்து வேகவைப்பவளின் சங்கடமே இங்கும் நேர்கிறது. ஆகவேதான் ஆலைகள் சில்லுகளைச் சல்லடையில் தரம் பிரித்து, தடித்தவற்றை மறுபடி வெட்டி அல்லது பிளந்து சேர்க்கின்றன. முடிச்சு மிகுந்த கழிகளிலும் வளைந்த கிளைகளிலும் இருந்து ஒரே தடிப்பான சில்லு கிடைப்பதில்லை. நேராக வளர்ந்த மரத்தை ஆலைகள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆவி கொடுத்துக் காற்றை நீக்குதல்

மரத்தை உண்டாக்கும் நார்ச்சுவர் நீரைக் காட்டிலும் சுமார் ஒன்றரை மடங்கு கனமுடையது. ஆயினும் மரம் மிதக்கிறது. காரணம் குழல்களினுள் அடைபட்ட காற்றே. இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம். நன்றாய்க் காய்ந்த தைலமரச் சில்லுகள் சிலவற்றைத் தண்ணீரில் இட்டால் மிதக்கும். அதே தண்ணீரைச் சிறிது நேரம் கொதிக்கவைத்து, சில்லுகளை நீருக்குள் அமிழ்த்தியபடியே ஆறவிட்டால், அவற்றிற் பல பாத்திரத்தின் அடியில் தங்கும். கொதிக்கும்போது காற்று விரிந்து வெளியேறுகிறது. அதன் இடத்தை நீராவி நிரப்புகிறது. ஆறும்போது ஆவி நீராய்ச் சுருங்க, வெளியிலுள்ள நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. கிராமப் பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்குக் காட்டத்தக்க எளிய பரீட்சை இது.

ஆலையிலும் இதே தத்துவமே அனுசரிக்கப்படுகிறது. காரநீர் சேர்க்குமுன் சில்லுகளுக்குச் சில நிமிடங்கள் நீராவி கொடுக்கிறார்கள். காற்று விலகிய சூடான சில்லு, சற்றே குறைந்த சூடுள்ள காரநீரில் விழுந்ததும் அதனை உறிஞ்சிக்கொள்ளும். அதன் பின்னரும் உடனே உஷ்ணத்தை ஏற்றாமல், காரம் நடுவரையில் ஊறுவதற்கு அவகாசம் கொடுப்பது நல்ல முறை. ஊறாத கொண்டைக்கடலையை எவ்வளவு எரித்தாலும் தோல் உரிந்து நடு கடினமாயிருப்பதை யாவரும் அறிவர். ஆவி பெற்று ஊறிய சில்லில் வேகாத கட்டிகள் குறையும்; நாருக்கு நார் லிக்னின் ஒரே அளவாய் நீங்கும்; பின்னால் வெளுப்பதற்கு வேண்டிய மருந்தும் குறையும்.

மூங்கில் கற்பித்த பாடம்

இவ்வுண்மை இந்தியாவில் மூங்கிலைக் கொண்டு முன்னரே ஆராயப்பட்டது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய வில்லியம் ரெய்ட் என்பவர், மூங்கிலையும் புல் வகைகளையும் காகிதமாக்குவதைப் பற்றிப் பல வருஷங்கள் ஆராய்ந்து 1931-ஆம் வருஷம் ஒரு நூல் வெளியிட்டார். மூங்கிலில் மாவுப் பொருளும் பிசுக்குப் பொருளும் கலந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கடுங்காரத்தில் ஒரே முறையாய் வேகவைத்தால், இவை காரத்தைத் தின்று நாரைக் கறுப்பாக்கும். ஆகையால், எளிதிற் கரையும் பொருள்களை முதலில் இளங்காரத்தாலும் குறைந்த உஷ்ணத்தாலும் நீக்கி, கடினமான லிக்னினை அதன்பின் புதுக்காரத்தால் நீக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. மூங்கிற் கணுக்கள் காரநீரை எளிதில் ஏற்பதில்லை. அவற்றை நசுக்கிப் பிளந்துவிட்டால் காரம் செல்ல வழி பிறக்கும். எதற்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு அவ்வளவே கொடுப்பது சிக்கனமும், நாருக்குப் பாதுகாப்புமாகும்.

இளக்கி அரைத்தல்

அரைத்து நாரெடுக்கும் முறையில் முன்பக்குவத்தின் பயன் இன்னும் தெளிவாய்த் தெரியும். பச்சரிசியாகக் குத்தும் நெல்லில் நொய் மிகுதி. ஊறவைத்து அவித்துக் காயவைத்த நெல்லில் நொய் குறைவு என்பதைக் குடியானவருக்குச் சொல்லவேண்டியதில்லை. மரத்திலும் ஆவியின் வேலை ஏறக்குறைய அப்படியே. குளிர்ந்த சில்லை அரைத்தால் நார் முறிந்து தூளாகும். நீராவியிற் சூடேற்றி அரைத்தால் லிக்னின் இளகி, நார் முழுமையாய்ப் பிரியும்.

1931-ஆம் வருஷம் சுவீடன் தேசத்தில் ஆர்னே ஆஸ்புலுண்டு என்பவர், அழுத்தமுள்ள நீராவியிற் சில்லைச் சூடாக்கி அதே ஆவிக்குள் அரைக்கும் இயந்திரத்தை அமைத்தார். சுமார் 170 டிகிரி உஷ்ணத்தில் நார் மிகச் சுலபமாய்ப் பிரிந்தது. ஆனால் நாரின் மேல் லிக்னின் மெழுகுபோற் படிந்து, ஆறியதும் கண்ணாடிபோல் இறுகியது. அத்தகைய நார் ஒன்றோடொன்று ஒட்டாது; அட்டைப் பலகை செய்ய ஏற்றது, காகிதத்திற்கு ஏற்றதன்று. உஷ்ணத்தை 110 முதல் 130 டிகிரி வரையில் நிறுத்தினால் காகிதத்திற்கு ஏற்ற நார் கிடைத்தது. பக்குவம் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்பதற்கு இது தக்க சான்று.

இதன் அடுத்த படியாக, அரைக்குமுன் சில்லுகளைச் சோடியம் சல்பைட்டு உப்புக் கரைசலில் ஊறவைக்கும் முறை ஏற்பட்டது. அவ்வுப்பு லிக்னினோடு சேர்ந்து அதனை நீரில் ஊறி இளகும்படி செய்யும். அகன்ற இலை மரங்களுக்குச் சிறிது எரிசோடாவும் சேர்ப்பார்கள். அது நார்ச்சுவரை ஊதச் செய்து வளையும்படி ஆக்கும். நீண்ட நார் மிகும். அரைபடாத சிம்பு குறையும். காகிதம் இறுகப் பிணையும். ஆயினும் எரிசோடா மிகுந்தால் கூழ் மஞ்சளிக்கும். கூழின் அளவும் குறையும்.

சர்க்கரைப் பொருளை முன்னரே நீக்குதல்

வேகவைப்பதற்கு முன், காரமின்றி வெறும் வெந்நீராலோ நீராவியாலோ 160 முதல் 170 டிகிரி உஷ்ணத்திற் சில்லுகளைப் பக்குவம் செய்வது மற்றொரு முறை. மரத்திலிருந்தே புளிக்காடி அமிலம் பிறந்து, ஹெமிசெல்லுலோஸைக் கரைத்து வெளியேற்றும். எஞ்சிய மரத்தைக் காரத்தில் வேகவைத்தால் மிகத் தூய செல்லுலோஸ் கிடைக்கும். செயற்கைப் பட்டாகிய ரேயான் நூல் செய்வதற்கு இத்தூய்மை அவசியம்.

ஆனால் அதே பக்குவம் காகிதத்திற்கு நன்மை செய்வதில்லை. ஹெமிசெல்லுலோஸ் நீரை ஏற்று நாரை மிருதுவாக்கி, நாரோடு நாரைப் பிணைக்க உதவும் பொருள். அது நீங்கிய நார் எளிதில் ஊறாது. நெடுநேரம் அடித்துத் துவைத்தாலும் இறுகப் பிணையாது. காகிதத்தின் இழுவை வலு குறையும். கூழின் அளவும் குறையும். துணிக்கு உத்தமமானது தாளுக்கு மத்திமமாவது இங்கே காணத்தக்கது. எந்தப் பொருள் வேண்டும் என்பதைத் தீர்மானித்த பின்னரே எந்தப் பக்குவம் என்பதைத் தீர்மானிக்கவேண்டும்.

காளானால் செய்யும் பக்குவமும், தானாய் வரும் அழுகலும்

அமெரிக்காவில் மாடிசன் நகரில் 1910-ஆம் வருஷம் ஏற்பட்ட வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலை, 1987-ஆம் வருஷம் முதல் பல்கலைக்கழகங்களோடும் காகித ஆலைகளோடும் சேர்ந்து ஒரு புது முறையை ஆராய்ந்தது. லிக்னினைத் தாக்கும் வெண்காளான் இனத்தில் ஒன்றைத் தேர்ந்து, நீராவியாற் சுத்தம் செய்த சில்லுகளில் தூவி, காற்றோட்டமும் ஈரமும் மிதமான உஷ்ணமும் காத்து இரண்டு வாரம் வைத்தார்கள். ஒரு டன் மரத்திற்கு 5 கிராம் அளவே காளான் வித்துப் போதுமானதாயிருந்தது. அச்சில்லுகளை அரைப்பதற்கு வேண்டிய மின்சக்தி நூற்றுக்குச் சுமார் 30 பங்கு குறைந்தது; காகிதத்தின் வலுவும் கூடியது. வெண்மை சற்றுக் குறைந்ததால் வெளுக்கும் செலவு மட்டும் ஏறியது.

இதைக் கேட்டு, மரத்தைக் குவித்துப் பூசணம் பிடிக்க விடுவது நல்லதென்று எவரும் எண்ணிவிடலாகாது. மேற்கூறியது விதை தேர்ந்து விதைத்த பயிர்; தானாய் வரும் அழுகலோ களை. ஈரமண்ணிற் கிடக்கும் மரத்தில் எந்தக் காளான் குடியேறும் என்பது எவர் வசத்திலும் இல்லை. மரத்தைப் பழுப்பாக்கி உதிர்க்கும் இனங்கள் லிக்னினை விட்டுச் செல்லுலோஸையே தின்னும். அத்தகைய மரத்தின் எடை இருந்தாலும் நாரின் உயிர் போய்விடும்.

சில்லுக் குவியலுக்கும் இது பொருந்தும். புதுச் சில்லில் உயிரணுக்கள் சிறிதுகாலம் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். அதனாலும் நுண்ணுயிர்களாலும் குவியலின் உள்ளே உஷ்ணம் ஏறும். ஈரமான வைக்கோற்போர் உள்ளே வெதும்புவது போன்றதே இது. உஷ்ணம் மிகுந்தால் சில்லு கறுத்து, அமிலம் பிறந்து, நார் வலுவிழக்கும். தானே தீப்பற்றுவதும் உண்டு. வெளியிற் குவித்த சில்லில் மாதத்திற்கு நூற்றுக்கு ஒரு பங்கு மரம் வீணாவது சாதாரணம். ஆகவே முதலில் வந்ததை முதலில் செலவிடுவதே ஆலைகள் கொள்ளும் முறை. வெட்டிய மரத்தை அடுக்கிவைக்கும் குடியானவருக்கும் இதுவே விதி.

கவனிக்கவேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கைக்கொள்ளத்தக்கவை பின்வருமாறு:

1. மரம் வெட்டுமுன் ஆலையின் நிபந்தனைகளை, அதாவது இனம், சுற்றளவு, நீளம், பட்டை, ஈரம் ஆகியவற்றைப் பற்றி எழுத்திற் பெறவேண்டும்.

2. வண்டி நிச்சயமான பின் வெட்டி, பட்டை உரிக்கவேண்டிய மரமாயின் அன்றே உரித்து, தாமதமின்றி அனுப்பவேண்டும்.

3. சில நாட்கள் வைக்க நேர்ந்தால், குறுக்குக் கட்டைகளின் மேல் நிழலில் அடுக்கி, மண்ணும் தேங்கிய நீரும் படாமற் காக்கவேண்டும்.

4. கருகிய மரம், உளுத்த மரம், ஆணியும் கம்பியும் ஏறிய மரம் ஆகியவற்றைத் தனியே பிரித்து விறகுக்கு விடவேண்டும். ஒரு கரித்துண்டு ஒரு தொட்டிக் கூழில் எண்ணிறந்த கரும்புள்ளிகளை இடும்.

5. சிறு நிலக்காரர்கள் பக்கத்துத் தோப்புக்காரர்களோடு சேர்ந்து ஒரே வாரத்தில் வெட்டினால், வண்டி நிறைவதற்காக மரம் காத்துக் காயும் நஷ்டம் இராது.

6. மரத்தின் இனத்தையும் நட்ட வருஷத்தையும் அடங்கலிற் சரியாய்ப் பதிவு செய்வது அதிகாரிகள் செய்யக்கூடிய பேருதவி. இளமரத்தையும் முதிர்மரத்தையும் ஒரே நேரம் வேகவைக்க இயலாது. முதிர்ந்த வயிரக்கட்டையில் குழல்கள் அடைபட்டுக் காரம் மெதுவாகவே ஏறும். வயது தெரிந்தால் ஆலை தரம் பிரிக்கும், குடியானவர் தக்க விலை கேட்கலாம்.

நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, கூழுக்குச் சில்லின் முன்பக்குவம் அப்படி. நாற்று நலிந்த பின் வயலில் எவ்வளவு எருவிட்டும் முழு மகசூல் காண்பது அரிது. நான்கைந்து வருஷம் காத்து வளர்த்த மரத்தின் பலன், வெட்டிய பின் நான்கைந்து நாட்களின் அஜாக்கிரதையாற் குறைந்துவிடாமற் பார்த்துக்கொள்வது குடியானவர் கடமையாகும்.